வழக்கில் தரப்பினர் பெயர் தவறினால்: சிங்கப்பூர் நீதிமன்றங்கள் எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது?

வழக்குத் தாளின் தலைப்பில் ஒரு பெயர் பிழையாக விழுந்துவிட்டால் வழக்கே கெட்டுப்போகும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறார்கள். வேறு சிலர், பெயரைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருக்கிறார்கள். இரண்டு எண்ணமும் சரியல்ல. பிழையை நீதிமன்றம் எவ்வளவு எளிதாகத் திருத்தவிடும் என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. உண்மையில் யார்மீது வழக்குத் தொடுக்க எண்ணினீர்கள் என்பது முதல் கேள்வி. தாளைப் படித்த எதிர்த்தரப்புக்கு அது ஐயமின்றித் தெரிந்திருக்குமா என்பது இரண்டாவது. இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய வகையில் வழக்கைத் தயாரிப்பது எப்படி, பிழை நேர்ந்த பின் என்ன செய்வது என்பவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம். இது பொதுவான விளக்கம் மட்டுமே. கையில் வழக்கு உள்ளவர் வழக்கறிஞரையோ, சட்ட உதவிப் பிரிவையோ, அரசு நீதிமன்றங்களில் இயங்கும் சமூக நீதி மையத்தையோ நாடித் தம் ஆவணங்களைக் காட்டிக் கேட்பதே முறை.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் இருப்பவர் யார் என்று கண்டறியுங்கள்

வழக்குத் தொடுக்கவும் எதிர்கொள்ளவும் சட்டம் அங்கீகரித்த ஓர் ஆள் தேவை. அந்த ஆள் மனிதராக இருக்கலாம், பதிவுபெற்ற நிறுவனமாக இருக்கலாம், சட்டத்தால் உருவான வாரியமாகவும் இருக்கலாம். கடைப் பலகை, வணிக முத்திரை, குழுமப் பெயர், கிளை அலுவலகம் ஆகியவற்றில் எதுவும் தனியொரு ஆள் ஆகாது.

தேக்கா, டன்லப் ஸ்திரீட் பக்கம் உள்ள ஒரு கடைக்கு மளிகைச் சரக்கு கொடுத்துப் பணம் வராமல் நிற்கும் மொத்த வியாபாரியை எண்ணிப் பாருங்கள். பலகையில் ஒரு பெயர், ரசீதின் தலையில் சற்றே மாறிய இன்னொரு பெயர், பேநவ் கணக்கில் மூன்றாவது பெயர். வியாபாரி முதலில் செய்ய வேண்டியது, ரசீதிலோ விலைப்பட்டியலிலோ அச்சிட்டிருக்கும் யூஇஎன் எண்ணைத் தேடுவது. 2009 முதல் சிங்கப்பூரில் பதிவான ஒவ்வோர் அமைப்புக்கும் இந்தத் தனி எண் உண்டு. நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் அதைத் தட்டி, சிறு கட்டணம் செலுத்தி, வணிக விவரத் தாளை வாங்கிவிட்டால், அது பிரைவேட் லிமிடெட் நிறுவனமா, தனியாள் வணிகமா, கூட்டாண்மையா, உரிமையாளர் யார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இந்தத் தேதிகளைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நேரும் தவறு. தனியாள் வணிகத்தில் கடையும் உரிமையாளரும் சட்டப்படி ஒருவரே. சரக்கு வாங்கியவர் கடையை விற்றுவிட்டுப் போயிருந்தால், அதே பலகையின் கீழ் இன்று நிற்கும் புதியவர், கடனையும் ஏற்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அந்தக் கடனுக்குப் பொறுப்பாளி அல்லர். இங்கே புதியவர் பெயரில் வழக்குப் போட்டால் அது பெயர்ப் பிழை அல்ல, ஆள் பிழை. இந்த வேறுபாடு கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

கொண்டோமினியத்தில் நீர்க்கசிவு என்றால், குடியிருப்பின் அழகிய பெயரில் வழக்குத் தொடுக்க முடியாது. கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்துப் பதியும் ஸ்திராட்டா திட்டத்தின் எண்ணோடு கூடிய நிர்வாகக் கழகமே சட்டப்படியான ஆள். அது அமர்த்தியிருக்கும் நிர்வாக முகவர் வேறொரு நிறுவனம். நகர மன்றங்களும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தத்தம் சட்டங்களால் உருவான தனி அமைப்புகள். அரசாங்கத்தின் மீதான உரிமையியல் வழக்கில் தலைமைச் சட்ட அதிகாரியே பிரதிவாதியாக வருவார். ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு ஆலயங்களை 1968ஆம் ஆண்டின் இந்து அறக்கட்டளைச் சட்டப்படி அமைந்த வாரியம் நிர்வகிப்பதால், அவை தொடர்பான ஒப்பந்தங்களில் சட்ட ஆள் அந்த வாரியமே. சங்கப் பதிவகத்தில் பதிந்த மன்றங்களும் கழகங்களும் நிறுவனங்கள் போன்றவை அல்ல. அவற்றின் மீதான வழக்கை யார் பெயரில் தொடுப்பது என்பதைச் சங்கங்கள் சட்டத்தையும் அந்த அமைப்பின் விதிமுறைகளையும் படித்தே முடிவுசெய்ய வேண்டும்.

இரண்டாம் படி: மனிதரின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள்

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நான்கைந்து வடிவங்கள் கிடைக்கின்றன. தமிழ்ச்செல்வி என்பதில் உள்ள ழகரத்தை ஒருவர் ‘எல்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘இசட் எச்’ என்று எழுதுவார். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் ‘எஸ்/ஓ’வுக்குப் பின்னும், இன்னோர் ஆவணத்தில் முதலெழுத்தாகவும், கடப்பிதழில் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் வந்து அமரும். ஊரிலிருந்து வந்த ஊழியரின் கடப்பிதழுக்கும் வேலை அனுமதி அட்டைக்கும் இடையிலேயே வேறுபாடு இருப்பதுண்டு.

இவை யாவும் நீதிமன்றம் மிக எளிதாக மன்னிக்கும் பிழைகள். ஆனாலும் அடையாள அட்டை எண்ணையோ வெளிநாட்டவர் அடையாள எண்ணையோ பெயருக்குப் பக்கத்தில் சரியாகக் குறிப்பிட்டுவிட்டால் பின்னால் வாதமே எழாது. ஒருவர் வேறு பெயரால் பரவலாக அறியப்பட்டிருந்தால், சட்டப் பெயரை முதலில் எழுதி, ‘என்றும் அழைக்கப்படும்’ என்று அடுத்ததைச் சேர்க்கலாம்.

மூன்றாம் படி: அவர் எந்த நிலையில் பொறுப்பாளி என்பதை மனுவிலேயே எழுதுங்கள்

இந்தப் படியே மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். பெயர் தவறினாலும் வழக்கைக் காப்பாற்றக்கூடியது, அந்தப் பெயருக்குரியவர் உங்களுக்கு என்ன உறவில் நிற்கிறார் என்ற விவரிப்புதான். முதலாளி, வீட்டு உரிமையாளர், கப்பல் உரிமையாளர், இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள வண்டியை ஓட்டியவர் என்பன போன்ற விவரிப்புகள் ஓர் ஆளை மட்டுமே சுட்டும்.

இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘சார்டினியா சல்சிஸ்’ என்ற கப்பல் வழக்கில் இந்த அளவுகோலைத் தெளிவாக வகுத்தது. வழக்கின் சூழலுக்கே உரிய ஒரு விவரிப்பைக் கொண்டு நோக்கப்பட்ட ஆளை அடையாளம் காண முடிந்து, பெயர் மட்டும் தவறியிருந்தால், அது திருத்தத்தக்கது என்பது அதன் சாரம். 1983இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ‘எவன்ஸ் கன்ஸ்ட்ரக்ஷன்’ வழக்கில், குத்தகையைப் புதுப்பிக்கக் கோரிய குத்தகைதாரர், நில உரிமையாளருக்குப் பதிலாகத் தொடர்புடைய வேறொரு நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டார். அவர் நோக்கியது நில உரிமையாளரையே, அப்படி ஒருவர்தான் இருக்க முடியும் என்பதால் திருத்தம் அனுமதிக்கப்பட்டது. இவ்விரண்டும் சிங்கப்பூர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. ஆனால் நம் விதிகள் அதே சட்ட மரபில் வளர்ந்தவை என்பதால் இங்கு அவற்றின் சிந்தனைக்கு மதிப்புண்டு.

துவாஸில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட ஓர் ஊழியரின் நிலையை எடுத்துக்கொள்வோம். வேலை அனுமதிக்கான முன் ஒப்புதலாகிய ஐபிஏ கடிதத்தில் ஒரு நிறுவனம், சம்பளம் வங்கியில் வந்தது அதே முதலாளி நடத்தும் இன்னொரு நிறுவனத்திலிருந்து, தலைக்கவசத்திலும் சட்டையிலும் மூன்றாவது பெயர், கட்டுமானத் தளத்தின் தலைமை ஒப்பந்தக்காரர் நான்காவது. மனுவில் சட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனுவின் முதல் பத்தி, ‘பிரதிவாதி எல்லாக் காலத்திலும் வாதியின் முதலாளியாக இருந்தார், இன்ன எண்ணுள்ள வேலை அனுமதி அவர் பெயரில் வழங்கப்பட்டது’ என்று சொல்லியிருந்தால், நோக்கப்பட்டவர் முதலாளியே என்பது தாளிலேயே பதிந்திருக்கிறது. அவ்வாறின்றி, ‘பிரதிவாதி கட்டுமான நிறுவனம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், நான்கு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். பிறகு எதைக் கொண்டு நீதிபதியை நம்பவைப்பது? ஒரே ஒரு வரி செய்யும் வேலை அவ்வளவு பெரியது.

நான்காம் படி: நேர்ந்த பிழை எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

ஆள் சரி, பெயர் மட்டும் தவறு என்பது முதல் வகை. எழுத்துப் பிழை, ‘பிரைவேட் லிமிடெட்’ விடுபடுதல், பழைய நிறுவனப் பெயர் ஆகியவை இதில் அடங்கும். நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டாலும் அதன் உரிமைகளும் கடமைகளும் மாறுவதில்லை என்று நிறுவனச் சட்டமே சொல்கிறது. ஆகவே பழைய பெயரில் தொடங்கிய வழக்கு புதிய பெயரில் தொடரலாம்.

உண்மையிலேயே வேறோர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது இரண்டாம் வகை. இதற்குத் தீர்வு பெயரைத் திருத்துவதில் இல்லை. தவறான தரப்பை நீக்கிச் சரியான தரப்பைச் சேர்க்க வேண்டும். ஆள் தவறிச் சேர்ந்ததனாலோ விடுபட்டதனாலோ மட்டும் ஒரு வழக்கு தோற்றுவிடாது என்பது நெடுங்காலக் கொள்கை. வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் கெடுவாகிய காலவரம்பு முடியாதவரை இதில் பெரிய இடரில்லை, செலவுதான்.

மூன்றாம் வகை கடினமானது. வழக்குத் தொடுத்த நாளில் அந்த ஆளே இல்லை: இறந்துவிட்டார், அல்லது நிறுவனம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இறந்தவர் பெயரில் தொடங்கும் வழக்கைத் தொடக்கமே இல்லாத ஒன்றாக நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. இறந்தவரின் சார்பில் வழக்குத் தொடுப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றாளரின் அதிகாரம் மரணத்திலிருந்தே வருகிறது. உயில் இல்லாதபோது சொத்து நிர்வாகியின் அதிகாரம் நீதிமன்றத்தின் ஆணையிலிருந்துதான் வருகிறது. பல குடும்பங்களில் உயில் இருப்பதில்லை. மனைவியோ மூத்த மகனோ இயல்பாகவே உரிமை பெற்றவர் என்று எண்ணி வழக்கில் இறங்கிவிடுகிறார்கள். ஆணை பெறுவதற்கு முன் இறங்குவது மிகுந்த ஆபத்து. நீக்கப்பட்ட நிறுவனத்தைப் பொறுத்தவரை, நிறுவனச் சட்டத்தின் 344ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவர் போன்றோர் 6 ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்தை அணுகி அதை மீண்டும் பதிவேட்டில் ஏற்றக் கோரலாம். ஏற்றப்பட்டால் அது இடைவிடாது இருந்ததாகவே கருதப்படும்.

நிறுவனம் கலைப்பு நடவடிக்கையில் இருந்தாலோ ஒருவர் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டிருந்தாலோ அவர் இருக்கிறார், ஆனால் நீதிமன்ற அனுமதியின்றி வழக்கைத் தொடர முடியாது. அது பெயர் விவகாரமல்ல என்பதால் இத்துடன் விடுகிறேன்.

ஐந்தாம் படி: நாள்காட்டியைப் பாருங்கள்

பிழை என்ன வகை என்பதை உண்மையில் முக்கியமாக்குவது காலவரம்புதான். காலவரம்புச் சட்டம் 1959இன்படி ஒப்பந்த மீறலுக்கும் பொதுவான தீங்குகளுக்கும் 6 ஆண்டுகள், உடற்காயத்துக்கு 3 ஆண்டுகள். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுகள். சம்பளத் தகராறுக்கான மத்தியஸ்தக் கோரிக்கையை, வேலையில் இருந்தால் 1 ஆண்டுக்குள்ளும், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதங்களுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும்.

காலவரம்புக்குள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால், வாதாடி நேரத்தைச் செலவழிக்காமல், சரியான பெயரில் புதிய வழக்கையே தொடுத்துப் பழையதைக் கைவிடுவது சில வேளைகளில் பாதுகாப்பானது. பழைய வழக்குக்கான எதிர்த்தரப்புச் செலவை ஏற்க நேரலாம். அதைக் காலவரம்பு தவறி முழுக் கோரிக்கையையும் இழப்பதோடு ஒப்பிட்டு முடிவுசெய்ய வேண்டும்.

காலவரம்பு முடிந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. எதிர்த்தரப்புக்கு அப்போது ஓர் அரண் கிடைத்துவிட்டது. புதிய ஆளைச் சேர்ப்பதன் மூலம் அந்த அரணைப் பறிப்பதற்கு நீதிமன்றம் பொதுவாக இணங்காது. பெயர் மட்டுமே தவறியது என்று நிறுவினால் திருத்தம் கிடைக்கலாம். பழைய நீதிமன்ற விதிகளின் ஆணை 20, விதி 5 இதற்கான அளவுகோலை எழுத்தில் வைத்திருந்தது. பிழை உண்மையானதாக இருக்க வேண்டும். அது யாரையும் திசைதிருப்பியிருக்கக் கூடாது. வழக்குத் தொடுக்க எண்ணியவர் யார், யார்மீது தொடுக்க எண்ணினார் என்பதில் நியாயமான ஐயத்தை எழுப்பியிருக்கக் கூடாது. இவற்றை நிறைவுசெய்தால், திருத்தத்தின் விளைவு புதிய தரப்பைக் கொண்டுவருவதுபோல் தோன்றினாலும் அனுமதி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற விதிகள் 2021இல், மனுத் திருத்தமும் தரப்பினரைச் சேர்த்தல், நீக்கலும் ஆணை 9இல் உள்ளன. விண்ணப்பிக்கும் முன் அதன் இன்றைய வாசகத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

எல்லை எங்கே என்பதற்கு 1961இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ‘எல்ஸ்பி பிரதர்ஸ்’ என்ற இங்கிலாந்து வழக்கு நல்ல உதாரணம். காயமடைந்தவர், கூட்டாண்மை ஒன்றின் பெயரில் வழக்குத் தொடுத்தார். அந்த வணிகமோ அதற்குள் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாறியிருந்தது. தாளைக் கையில் வாங்கும் நியாயமான ஒருவர், ‘என்னைத்தான் சொல்கிறார்கள், பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள்’ என்று உடனே சொல்வாரானால் அது பெயர்ப் பிழை. ‘என்னையா, வேறு யாரையாவதா என்று விசாரித்துப் பார்க்க வேண்டும்’ என்பாரானால் அல்ல என்று நீதிபதி டெவ்லின் விளக்கினார். கூட்டாண்மையும் நிறுவனமும் இரண்டுமே பொருந்தக்கூடியவையாக இருந்ததால் திருத்தம் மறுக்கப்பட்டது. மூன்றாம் படியில் சொன்ன ஒரு வரி விவரிப்பு அத்தகைய இடத்தில்தான் கைகொடுக்கும்.

இந்தியாவிலும் கடன் வசூல் வழக்கு நடத்துவோர் இங்குண்டு. அங்கே காலவரம்புச் சட்டம் 1963இன் 21ஆம் பிரிவு, நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறால் விடுபட்ட தரப்பை, முந்தைய தேதியிலேயே சேர்ந்ததாகக் கருத நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஏ.ஐ.ஆர். எனும் இந்தியத் தீர்ப்புத் தொகுப்பின் 1961ஆம் ஆண்டுப் பகுதியில் உள்ள புருஷோத்தம் உமேத்பாய் வழக்கில், இந்தியாவுக்கு வெளியே வணிகம் செய்த கூட்டாண்மை தன் வணிகப் பெயரிலேயே தொடுத்த வழக்கை, தவறான விவரிப்பு என்று கொண்டு, பங்காளிகள் பெயரால் திருத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்தப் பிரிவை நம்பி இங்கே கணக்குப் போட வேண்டாம்.

ஆறாம் படி: எழுதிக் கேளுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்

பிழை தெரிந்த அன்றே எதிர்த்தரப்புக்கு எழுதுங்கள். சரியான பெயரையும் யூஇஎன் எண்ணையும் குறிப்பிட்டு, திருத்தத்துக்கு இணக்கம் கேளுங்கள். வெறும் எழுத்துப் பிழைக்கு நியாயமான வழக்கறிஞர் மறுப்பதில்லை. மறுத்தால், செலவு பற்றிப் பேசும்போது உங்கள் கடிதம் உதவும்.

இணக்கம் கிடைக்காதபோது, அழைப்பாணை விண்ணப்பமும் அதை ஆதரிக்கும் உறுதிமொழிப் பத்திரமும் தேவை. பெயர் எப்படித் தவறியது, எந்த ஆவணத்தை நம்பி எழுதினீர்கள், எப்போது தெரியவந்தது, தெரிந்த பின் ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பத்திரம் மறைக்காமல் சொல்ல வேண்டும். துவாஸ் ஊழியரின் வழக்கானால், ஐபிஏ கடிதம், சம்பளச் சீட்டு, மனிதவள அமைச்சிடம் கொடுத்த விபத்து அறிக்கை, இரு நிறுவனங்களின் அக்ரா விவரத் தாள்கள் ஆகியவற்றை இணைக்கலாம். இவற்றோடு, வழக்குக்கு முன் அனுப்பிய கோரிக்கைக் கடிதத்துக்கு உண்மையான முதலாளியோ அவருடைய காப்புறுதி நிறுவனமோ பதில் எழுதியிருந்தால், அதைவிட வலிய சான்று வேறில்லை. தம்மைத்தான் நோக்குகிறார்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை அந்தப் பதிலே காட்டிவிடும்.

விசாரணை தொடங்க 14 நாள்களுக்குள் நெருங்கிவிட்டால், சிறப்புக் காரணமின்றி மனுத் திருத்தம் அனுமதிக்கப்படாது. விதிகளின் ஆணை 3 கூறும் ஐந்து இலட்சியங்களில் நீதியை நியாயமாக அணுகும் வாய்ப்பும் உண்டு, விரைவும் சிக்கனமும் உண்டு. சிறு பிழையால் ஒருவர் தோற்கக் கூடாது என்பதற்கும், தாமதத்தால் மற்றவர் அலைக்கழிக்கப்படக் கூடாது என்பதற்கும் இடையில் நீதிபதி நிறுத்துப் பார்ப்பார்.

அனுமதி கிடைத்ததும் திருத்திய தாளை முறைப்படி சார்வு செய்யுங்கள், அதாவது எதிர்த்தரப்பிடம் சேர்ப்பியுங்கள். நிறுவனமானால் பதிவு அலுவலக முகவரிக்கு. வழக்குத் தொடக்க ஆவணம் சார்வு செய்வதற்குச் செல்லுபடியாகும் காலம் 3 மாதங்களே என்பதால், பெயர்ச் சிக்கலில் மூழ்கி அதைத் தவறவிடாதீர்கள்.

தீர்ப்பு வந்த பின் தெரிந்தால்

எழுத்துப் பிழையை, தீர்ப்பில் உள்ள தற்செயல் தவறுகளைச் சரிசெய்யும் அதிகாரத்தைக் கொண்டு நீதிமன்றமே திருத்தலாம். ஆனால் தீர்ப்பு வேறோர் ஆள்மீது வழங்கப்பட்டிருந்தால், உண்மையான கடனாளியிடம் அதை நிறைவேற்ற முடியாது. வங்கியும் ஷெரிஃப் அலுவலகமும் தீர்ப்பில் உள்ள பெயரையும் எண்ணையும்தான் பார்க்கும். கடைப் பலகையின் பெயரில் பெற்ற தீர்ப்போடு வங்கிக் கணக்கைத் தேடிப் போனால், அந்தப் பெயரில் கணக்கே இருக்காது.

நீங்கள் பிரதிவாதியானால்

பெயர் தவறாக உள்ள தாள் கைக்கு வந்தால், ‘இது நான் அல்ல’ என்று அதை மேசையில் போட்டுவிடுவது பெருந்தவறு. வழக்குத் தொடக்க ஆவணமான மூலக் கோரிக்கையும் மனுவும் சிங்கப்பூரில் சார்வு செய்யப்பட்ட 14 நாள்களுக்குள், வழக்கை எதிர்க்கிறீர்களா என்ற அறிவிப்பையும், 21 நாள்களுக்குள் எதிர்வாதத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் உங்களைக் கேளாமலேயே தீர்ப்பு விழலாம். பிழை எழுத்துப் பிழையாக இருந்தால், சரியான பெயரை எழுதி, ‘தவறான பெயரில் வழக்குத் தொடுக்கப்பட்டவர்’ என்று குறிப்பிட்டு எதிர்வாதத்தைக் கொடுங்கள். உண்மையிலேயே நீங்கள் அந்த ஆள் அல்ல என்றால், அக்ரா விவரத் தாளை இணைத்து வாதியின் தரப்புக்கு உடனே எழுதி, விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால் உங்களை வழக்கிலிருந்து நீக்கக் கோரி, செலவுத் தொகையோடு சேர்த்து விண்ணப்பிக்கலாம். பிழையைத் தெரிந்தும் சொல்லாமல், காலவரம்பு கடக்கும்வரை எதிர்வாதத்தில் பட்டும்படாமல் எழுதிக் காத்திருப்பவரும் உண்டு. உங்களைத்தான் நோக்கினார்கள் என்பது தெரிந்தே மௌனமாக இருந்தீர்கள் என்று பிற்பாடு கடிதங்களால் வெளிப்பட்டால், யாரும் திசைதிருப்பப்படவில்லை என்ற வாதியின் கூற்றுக்கு அந்த மௌனமே சான்றாகிவிடக்கூடும்.